வெள்ளிக்கிழமை நிற்கும் வண்டி

டீசல் வண்டி நின்றுபோக எத்தனையோ காரணம் இருக்கலாம், ஆனால் அதன் சொந்தக்காரர் மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது சொல்லும் காரணம் ஒன்றுதான்: "டிரைவர் சரியில்ல."

டிராக்டர், கழனிக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜின், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் என்று ஏதோ ஒரு டீசல் இன்ஜினை நம்பிப் பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை மும்முரமாக நடக்கும்போது அது நிற்கும். ஆள் வந்து பார்க்கும்போது ஓடும். நீங்களும் பட்டிருப்பீர்கள். திருத்தணியில் அரக்கோணம் சாலையில் ஷெட் வைத்திருக்கும் நானும் பட்டிருக்கிறேன். ஒரு சின்ன பொக்லைன் என்னைப் படுத்திய பாட்டை மட்டும் இங்கே துண்டு துண்டாக எழுதுகிறேன்.

சின்ன பொக்லைன் என்பது மண் தோண்டும் பெரிய இயந்திரத்தின் குட்டி. ரப்பர் பட்டையின்மேல் ஊர்ந்து, இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சந்தில்கூட நுழைந்துவிடும். நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றி மண்ணை வாரிக் கொட்டும்.

எது முகம்?

வண்டிக்குச் சொந்தக்காரர் லோகநாதன். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். வயதில் பெரியவர் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'நைனா'. நான் 'அண்ணா' என்பேன். அவர் என்னை 'பாய்' என்பார். வண்டி ஓட்டுபவர் முனிரத்தினம், ஆர்.கே.பேட்டைக்காரர். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

வண்டி வாங்கியதும் என் ஷெட்டுக்கு எதிரில் நிறுத்தித்தான் பூஜை போட்டார்கள். லாரிக்கு முகம் உண்டு. கண்ணாடிக்குக் கீழே பொட்டு வைத்துவிடலாம். சுற்றிக்கொண்டே இருக்கும் இந்த வண்டிக்கு எது முகம்? தோண்டும் வாளியில் வைத்தால் முதல் பள்ளத்திலேயே மண்ணோடு போய்விடும். தூக்கும் கையில் வைத்தால் கிரீஸ். கண்ணாடியில் வைத்தால் ஓட்டுகிறவருக்குப் பள்ளம் தெரியாது. நைனா சந்தனக் கிண்ணத்தோடு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கடைசியில் டீசல் ஊற்றும் மூடியின் நடுவில் சந்தனத்தைக் கனமாக வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டார். "சாப்புடற வாய் இதுதான பாய்? வாய் இருக்கற எடந்தான் மூஞ்சி" என்றார்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் டீசல் ஊற்றியதும் அதே மூடியில் புதுச் சந்தனம் வைப்பது வழக்கமாயிற்று.

பூட்டு

யாரோ ஒருவருடைய வண்டியில் டிரைவர் டீசலை இறக்கி விற்றுவிட்டார் என்ற பேச்சு நைனாவின் காதில் விழுந்தது. இந்த வண்டியின் டீசல் மூடியில் முதலிலிருந்தே சாவித் துளை உண்டு. அதுவரை யாரும் பூட்டியதில்லை. மறுநாளிலிருந்து நைனா பூட்டினார். சாவி அவருடைய இடுப்பில் வீட்டுச் சாவிகளோடு சேர்ந்துகொண்டது.

சில வாரம் போனது. கே.ஜி.கண்டிகையில் ஒரு வீட்டுக்குக் கழிவுநீர்த் தொட்டிப் பள்ளம் தோண்டும்போது வண்டி முதல் தடவையாக நின்றது. முனிரத்தினம் நைனாவுக்குப் போன் செய்தார். நைனா எனக்குப் போன் செய்துவிட்டு மொபெட்டில் கிளம்பினார். நான் போய்ச் சேரும்போது வண்டி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. நடந்தது இதுதான்: நைனா வந்து இறங்கியதும் பூட்டைத் திறந்தார். குச்சி விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடினார். "எங்க, போடு" என்றார். முனிரத்தினம் இன்ஜின் சாவியைத் திருப்பினார். உடனே ஓடிவிட்டது.

"நான் வந்தா ஓடுது, நான் போனா நிக்குது" என்று நைனா என் பக்கம் திரும்பினார். "வண்டியில கோளாறா, ஆளுல கோளாறா? நீங்களே சொல்லுங்க பாய். வண்டி நல்லா இருக்குதுன்னு நீங்க சொல்லிட்டா, இவன நான் ஊட்டுக்கு அனுப்பிடறேன்."

சிவப்பு வளையம்

டேங்க்கிலிருந்து இன்ஜினுக்கு டீசல் போகும் வழியில் கண்ணாடி போன்ற ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். டீசலில் கலந்திருக்கும் தண்ணீரைப் பிரித்து நிறுத்துவது அதன் வேலை. தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். கிண்ணத்துக்குள் ஒரு சிவப்பு வளையம் கிடக்கும். அது டீசலில் மூழ்கும், தண்ணீரில் மிதக்கும். வளையம் தரையில் கிடந்தால் கவலையில்லை. மேலே ஏறி நின்றால் அதன் கீழே இருப்பதெல்லாம் தண்ணீர். இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். தினமும் காலையில் குனிந்து பார்க்கிற முதுகு வேண்டும்.

அன்று வளையம் கிண்ணத்தின் நடுவில் நின்றிருந்தது. அடித் திருகைத் தளர்த்தி ஒரு டம்ளரில் இறக்கினேன். கீழே தண்ணீர், மேலே டீசல். நைனா வீட்டு முற்றத்தில் டீசல் கேனுக்கு மூடி தொலைந்துபோய், பாலிதீன் கட்டி வைத்திருந்தார்கள். மழை அதற்குள் இறங்கியிருந்தது. முனிரத்தினம் அந்த டம்ளரை வாங்கி நைனாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பரீட்சையில் பாஸான பிள்ளை மார்க் ஷீட்டைக் காட்டுவது போல இருந்தது.

நைனா டம்ளரைப் பார்த்தார். "சரி, தண்ணிய எடுத்தாச்சு. இனிமே நின்னா தண்ணி மேல பழி போட முடியாது இல்ல?" என்றார்.

நுரை

அடுத்த சனிக்கிழமை மறுபடி நின்றது. மறுபடி நைனா வந்து, பூட்டைத் திறந்து, குச்சி விட்டுப் பார்த்து, மூடி, ஓட்டச் சொல்ல, ஓடியது.

தண்ணீர் இல்லையென்றால் காற்று. டீசல் போகும் பைப்பில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தாலும் இன்ஜின் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சும். இன்ஜினுக்குக் காற்றும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் டீசல் வர வேண்டிய வழியில் வரக் கூடாது. நான் பைப்பின் நடுவே ஒரு துண்டு நிறமில்லாத குழாயைச் செருகினேன். உள்ளே என்ன போகிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகப் போயின. தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புதிது போட்டேன். ஃபில்டரின் மேல் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தி, சாவியைப் பாதி திருப்பச் சொன்னேன். டீசல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்தது. முதலில் நுரையாக வந்து, பிறகு குமிழியின்றித் தெளிவாக டீசல் வழிந்தது. அப்போது திருகை இறுக்க வேண்டும். முன்னாடியே இறுக்கினால் மிச்சக் காற்று உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

முனிரத்தினம் ஒரு துணியால் வழிந்த டீசலைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இன்னா தோணுதுன்னா பாய், இது வெள்ளி, சனி ஆனா வெரதம் இருக்குது. ஞாயித்துக்கெழமைக்கு மேல சரியா சாப்புடுது" என்றார்.

நான் சிரித்தேன். வெள்ளிக்கிழமை பகலில் நான் தொழுகைக்குப் போய்விடுவேன், போனையும் அணைத்துவிடுவேன். அதனால் வண்டி என்றைக்கு நிற்கிறது என்பது எனக்கு ஒழுங்காகத் தெரியாது. வண்டி நின்ற நேரத்தில் நான் ஒரு முறைகூடப் பக்கத்தில் இல்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை.

ஷெட்டில் நல்ல பிள்ளை

இங்கே ஒரு சங்கடத்தைக் கவனியுங்கள். நான் ஒவ்வொரு கோளாறாக எடுக்க எடுக்க, வண்டி சுத்தமாகிக்கொண்டே வந்தது. வண்டி சுத்தமாக ஆக, முனிரத்தினத்தின்மேல் சந்தேகம் கூடியது. என் வேலை நன்றாக இருப்பதே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை வண்டியை ஷெட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். நைனா காலையிலேயே வந்து மூடியின் பூட்டைத் திறந்துவிட்டுப் போனார். டேங்க்கை விட்டுவிட்டு, உயரத்தில் ஒரு கேன் டீசலைக் கட்டி, அதிலிருந்து நேராக இன்ஜினுக்குக் குழாய் போட்டேன். காலையிலிருந்து மாலைவரை நிற்காமல் ஓடியது. அப்படியானால் இன்ஜின் நல்லது, பம்ப் நல்லது, கோளாறு டேங்க்கில். டேங்க்கைக் கழுவினேன். உறிஞ்சும் வாயில் ஒரு புளிய இலையும் கொஞ்சம் பஞ்சும் சிக்கியிருந்தன. எடுத்துவிட்டு, டேங்க்கிலிருந்தே ஓட்டினேன். ஓடியது. டேங்க் மூடி முழுநேரமும் மேசைமேல் இருந்தது. டேங்க்கைப் பார்க்கும் மெக்கானிக் எவனும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பார்ப்பான். அதில் சாமிப் பொட்டு இருந்ததால், என் எண்ணெய்க் கை படாமல், சந்தனம் கலையாமல், சுத்தமான துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தேன்.

நைனா மாலையில் வந்தார். நாள் முழுக்க ஓடியதைக் கேட்டார். முனிரத்தினத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கனகம்மாசத்திரத்துல ஒரு பையன் இருக்கறான். திங்கக்கெழம வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள இன்னொரு வாட்டி நின்னா இவன் எறங்கிக்கட்டும்." அவர் போனதும் முனிரத்தினம் வண்டியின் பட்டைமேல் உட்கார்ந்தார். தறியை விற்றுவிட்டு வந்தவர்; திரும்பிப் போக அங்கே ஒன்றுமில்லை. "தறியில நூல் அறுந்தா, எங்க அறுந்துதுன்னு கையால தடவியே சொல்லிடுவேன் பாய். இதுல எது அறுந்துதுன்னே தெரில, ஆனா நான்தான் அறுத்தேன்றாரு" என்றார்.

மலைக்குப் போன சாவி

அந்த வெள்ளிக்கிழமை நைனாவின் தங்கை பேரனுக்கு மலைமேல் மொட்டை. விடிகாலையில் டீசல் ஊற்றி, பூட்டி, சந்தனம் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு மேலே போய்விட்டார். கே.ஜி.கண்டிகைக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் பைப் போட வாய்க்கால் வெட்டும் வேலை. பாதி வாய்க்காலில் வண்டி நின்றது. முனிரத்தினம் இந்த முறை முதலில் எனக்குத்தான் போன் செய்தார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்ததால் கிளம்பினேன்.

நைனா போனை எடுக்கவில்லை. சாவி மலைமேல். பூட்டைத் திறக்க வழியில்லாததால், அந்த வண்டி நின்ற நிலையிலேயே முதல் தடவையாக என் கைக்குக் கிடைத்தது. சிவப்பு வளையம் தரையில் கிடந்தது. பம்ப் 'டிக் டிக்' என்றது. ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தினேன். டீசல் வெளியே வர வேண்டும், வரவில்லை. 'சுர்' என்று ஈரச் சத்தத்தோடு காற்று உள்ளே போனது. உடனே இறுக்கிவிட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றி டேங்க்கைப் பார்த்தேன். அது பிளாஸ்டிக் டேங்க். அதன் வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. ஜூஸ் டப்பாவில் குழல் போட்டு விடாமல் உறிஞ்சினால் அட்டை உள்ளே மடங்குமே, அதே மாதிரி. டேங்க்கிலிருந்து டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் எவ்வளவு உறிஞ்சினாலும் கொடுக்காது.

வெயில் ஏறிய பிறகு நைனா வந்தார். நெற்றி நிறைய விபூதி. தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து நேராக வந்திருந்தார். வந்த வேகத்தில் சாவியை எடுத்தார். "அண்ணா, ஒரு நிமிஷம். மெல்லத் தொறங்க. யாரும் பேசாதீங்க" என்றேன். அவர் மூடியைத் திருப்பினார். 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். டேங்க்கின் வயிறு 'டப்' என்று வெளியே வந்தது. முனிரத்தினம் இரண்டடி பின்னால் குதித்து, "பாம்பா பாய்?" என்றார்.

ஊதிப் பாருங்கள்

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. டேங்க்குக்குள் காற்று போக, மூடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். சாவித் துளைக்குப் பக்கத்தில் அது இருந்தது. அதாவது, இருக்க வேண்டும். அந்த இடத்தில் அன்றைக்கு வைத்த சந்தனமும், அதன் அடியில் போன வாரத்துச் சந்தனமும், அதற்கும் முந்தைய வாரங்களும் டீசல் புழுதியோடு சேர்ந்து சிமெண்ட் போல இறுகியிருந்தன. வெள்ளி, சனியில் ஈரமாக இருந்து முழுதாக அடைக்கும். அதன்பின் காய்ந்து, இன்ஜின் அதிர்வில் வெடிப்பு விட்டு, கொஞ்சம் காற்று போக வழி கிடைக்கும். முனிரத்தினம் சொன்ன விரதம் இதுதான்.

புரிந்தது சரி, அதை யார் சொல்வது? முனிரத்தினமும் மூடியைப் பார்த்துவிட்டார். என் காதோரம் வந்தார். "நான் சொன்னா வேல போவும். நீங்க சொன்னா, பாய் வந்து பொட்டக் கொற சொல்றாருன்னு ஊரே பேசும்" என்றார். இரண்டுமே உண்மை. நான் மூடியை நைனாவிடமே நீட்டி, "உள்பக்கமா வாய வச்சு ஊதிப் பாருங்கண்ணா. காத்து மேல வரணும்" என்றேன். அவர் ஊதினார். கன்னம் உப்பியது, விபூதி உதிர்ந்தது, காற்று வரவில்லை. மூடியைத் திருப்பினார். சந்தனத்தைப் பார்த்தார். வேலியிலிருந்து ஒரு முள்ளை ஒடித்து, அவரே மெல்லக் குத்திக் கிளறினார். மறுபடி ஊதினார். சந்தனத் தூள் பறந்து அவர் மூக்கிலேயே படிந்தது.

"மொதல்ல நடுவுலதான வெச்சேன்" என்று தனக்குத்தானே பேசுவது போல ஆரம்பித்தார். "அப்புறம் பூட்ட ஆரம்பிச்சேன். சாவி போற ஓட்டைய உட்டுட்டு, பக்கத்துல தள்ளி வெச்சேன்." "அப்போ ஒவ்வொரு வாட்டியும் நான் வந்ததும் ஓடுச்சே?" என்றார். "நீங்க டீசல் இருக்குதான்னு பாக்கத் தொறந்தீங்க இல்ல, அதுல காத்து போயிடும். அதனாலதாண்ணா ஓடுச்சு" என்றேன். நிறுத்தியதும் அவர் கைதான், ஓட்டியதும் அவர் கைதான். நைனா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாமி கும்புட்டதுல தப்பு இல்லையே பாய்?" என்றார். "இல்லண்ணா" என்றேன். "வெச்ச எடம் மட்டுந்தான்."

வண்டியிலா, ஆளிலா

காற்றை எடுத்துவிட்டு வண்டியை ஓட்டினோம். முனிரத்தினம் வாய்க்காலைத் தொடர்ந்து வெட்டினார். நைனா வழக்கம்போலக் கிளம்பாமல், மாமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக நிற்கும் நேரம் தாண்டியும் வண்டி ஓடியது. அவர் போனை எடுத்தார். இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று உரக்கப் பேசினார். எதிரில் இருந்தவர் கனகம்மாசத்திரத்துப் பையன். "ஆங், நான்தாம்பா. திங்கக்கெழம வர வேணாம். இல்ல, இல்ல, ஆளுல ஒண்ணும் இல்ல. எங்க முனிரத்தினமே ஓட்டிக்கினு இருக்கறான். கோளாறு எங்க கையில இருந்துது." இருக்கையில் இருந்த முனிரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை; வாளியை மட்டும் ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தினார், பிறகு மண்ணைக் கொட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்த நைனா ஷெட்டுக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார். பொட்டை எங்கே மாற்றுவது என்று எங்களுக்குள் பேச்சு. வண்டி கவிழாமல் இருக்கப் பின்பக்கம் வைத்திருக்கும் இரும்புப் பாரத்தில் துளையே இல்லை, அங்கே வைக்கலாம் என்றேன். "பின்னாடி போய் மூஞ்சியா?" என்றார் நைனா. கதவுக்கு மேலே என்றார் முனிரத்தினம். நைனா கேட்டுக்கொண்டே டீசல் ஊற்றி, மூடியைப் போட்டார். பூட்டவில்லை. விரலில் நிறையச் சந்தனம் எடுத்து, மூடியின் நட்டநடுவில், சாவித் துளை நிரம்பும்படி அழுத்தி வைத்தார். காற்றுத் துளை பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது.

முனிரத்தினம் பதறிப்போனார். "நைனா, நைனா! சாவி எப்டிப் போவும்? பூட்டாம உட்டா, டீசல் கொஞ்சம் கொறஞ்சாக்கூட அப்புறம் என்னத்தான கேப்பீங்க?" நைனா குங்குமத்தை இட்டுவிட்டு, விரலை வேட்டியில் துடைத்தார். "சாவி போவ வேணாம். இனிமே நின்னா எனக்குப் போன் பண்ணாத, நீயே தொறந்து பாரு" என்றார். "சந்தனம் மட்டும் கலையாம தொற."

இப்போதெல்லாம் யாராவது போன் செய்து, வண்டியில் கோளாறா ஆளில் கோளாறா என்று கேட்டால், மூடியைக் கழற்றி ஒரு தடவை ஊதிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கையில் இருக்கும் டீயை நிதானமாகக் குடித்து முடிக்கிறேன்.